நாயைப் பிடித்துக்கொண்டு நிற்பவருக்கும் ஊசி போடுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

நாய்க்கடி பற்றி உங்கள் பத்திரிகையில் செய்தி வராத வாரம் இல்லை. எந்தத் தெரு, கடிபட்ட குழந்தைக்கு என்ன சிகிச்சை, மாநகராட்சி என்ன சொன்னது, எல்லாம் வருகிறது. அதே மாதிரி நாயை மேஜையில் ஏற்றி, டாக்டர் ஊசி போட்டு முடிக்கிற வரை கழுத்தையும் காலையும் அழுத்திப் பிடித்துக்கொண்டு நிற்கிற ஆளைப் பற்றி மட்டும் ஒரு வரி வந்து நான் பார்த்ததில்லை. கோவையில் தனியார் பெட் கிளினிக்குகளில் பல வருடமாக அந்த வேலையைத்தான் செய்கிறேன். கம்பவுண்டர், அட்டெண்டர், பெண்களாக இருந்தால் சிஸ்டர் என்று கூப்பிடுவார்கள். எப்படியும் கூப்பிடட்டும், கேட்பது ஒன்றுதான்: வேலையில் சேர்க்கும்போதே எங்களுக்கு ரேபிஸ் என்கிற வெறிநோய்க்கான தடுப்பூசி போட்டுவிடுங்கள்.

கடித்த பிறகுதான் ஊசி என்று நிறைய பேர் நினைக்கிறார்கள். கடிபடும் முன்பே போட்டுக்கொள்ளும் முறை இருக்கிறது, அது எங்களைப் போன்றவர்களுக்காகவே சொல்லப்பட்டது. முதல் நாள், 7-ஆம் நாள், அப்புறம் 21 அல்லது 28-ஆம் நாள், அவ்வளவுதான். அப்படிப் போட்டவரை நாளைக்கு நாய் கடித்தால், காயத்தைச் சோப்புப் போட்டு ஓடும் தண்ணீரில் 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கு ஒன்று, மூன்றாம் நாள் ஒன்று என இரண்டு ஊசியோடு முடிந்துவிடும். காயத்தைச் சுற்றிக் குத்திப் போடுகிற இம்யூனோகுளோபுலின் என்ற எதிர்ப்புப்பொருள் ஊசி தேவையில்லை. இதைத் தெரியாத டாக்டர் யாரும் இல்லை, அவர்களில் பலர் படிக்கும் காலத்திலேயே போட்டுக்கொண்டு வந்திருப்பார்கள். பக்கத்தில் நிற்கிற பையனுக்கும் போட வேண்டும் என்பதுதான் ஏனோ தோன்றுவதில்லை.

இது ஏன் அவசரம் என்று சொல்கிறேன். "சாப்பிட மாட்டேங்குதுப்பா, தொண்டையில எலும்பு சிக்கியிருக்கு போல, கொஞ்சம் கையை விட்டுப் பாரேன்" என்று ஒருவர் நாயைத் தூக்கிக்கொண்டு வருவார். பார்த்தால் கீழ்த்தாடை தொங்கியிருக்கும், எச்சில் கயிறு மாதிரி வடிந்துகொண்டே இருக்கும், குரைத்தால் குரல் மாறிப்போயிருக்கும், தண்ணீர்க் கிண்ணத்தில் வாயை வைக்கும் ஆனால் விழுங்க முடியாது. உறுமாது, பாயாது, சாதுவாகப் படுத்திருக்கும். வெறிநோயில் இப்படி ஒரு வகை உண்டு. வெறிநாய் என்றாலே கண்டவரையெல்லாம் துரத்திக் கடிப்பது என்று மனதில் பதிந்திருப்பதால், இந்த நாயைப் பார்த்து யாருக்கும் சந்தேகம் வருவதில்லை. டாக்டர் உள்ளே ஆபரேஷனில் இருப்பார், டார்ச்சை எடுத்துக்கொண்டு அந்த வாய்க்குள் முதலில் கையை விடுவது உதவியாளர்தான். நகக்கண் ஓரத்தில் தோல் உரிந்திருந்தால் போதும், கடி என்று ஒன்று வேண்டியதே இல்லை. அறிகுறி தொடங்கிவிட்டால் அப்புறம் பிழைப்பது என்பது அநேகமாக இல்லை. தாடை தொங்குகிற நாயை, வேறு காரணம் உறுதியாகும் வரை வெறிநோய் என்றே வைத்துக்கொள்ளுங்கள், வெறுங்கையை உள்ளே விடாதீர்கள் என்று சேரும் நாளில் ஒருவர் சொல்லிக்கொடுத்தால் போதும். பல இடங்களில் அதைச் சொல்வதற்குக்கூட ஆள் இல்லை.

என்னோடு வேலை பார்த்த ஒரு பையனைப் பூனை கடித்தது. பூனைப் பல் மெல்லிசு, வெளியே பார்த்தால் ஊசி குத்தின மாதிரி ஒரு புள்ளிதான், ஆனால் ஆழமாக இறங்கிக் கிருமியை உள்ளே விட்டுவிட்டு வந்துவிடும். சாயங்காலத்துக்குள் கை மணிக்கட்டு வரை வீங்கிவிட்டது. "இந்தத் தொழில்ல இதெல்லாம் சகஜம்" என்றார்கள். அரசு ஆஸ்பத்திரிக்கு அவனே போனான், அந்த நாட்களுக்குச் சம்பளத்தில் பிடித்தமும் ஆனது. எந்த கிளினிக் என்று சொல்லப்போவதில்லை, ஏனென்றால் அந்த ஒரு இடத்தைத் திட்டி ஆகப்போவது ஒன்றுமில்லை.

சட்டமே இல்லையா என்றால், இருக்கிறது. 1923-ஆம் ஆண்டின் தொழிலாளர் இழப்பீட்டுச் சட்டத்தில் மூன்றாம் அட்டவணை என்று ஒன்று இருந்தது, தொழிலால் வரும் நோய்களின் பட்டியல். தொற்று நோய் வரும் ஆபத்துள்ள வேலைகள் என்று அதில் சொல்லும் இடத்தில் கால்நடை மருத்துவ வேலை என்றே தனியாக எழுதியிருந்தது. அதற்குப் பதிலாக 2025 நவம்பரில் அமலுக்கு வந்த, 2020-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டத் தொகுப்பிலும் இந்தப் பட்டியல் இருக்கிறது. ஆனால் அதைக் காட்டிக் கேட்க வேண்டுமென்றால் நியமனக் கடிதம் வேண்டும், என்றைக்கு எது கடித்தது என்று எழுதி வைத்த நோட்டு வேண்டும், எங்களிடம் இரண்டும் கிடையாது. இ.எஸ்.ஐ. என்றால் பத்துப் பேராவது வேலை செய்ய வேண்டும். பெரும்பாலான கிளினிக்கில் டாக்டரைச் சேர்த்தாலும் நாலைந்து பேர்தான்.

2016-இல் வந்த உயிரி மருத்துவக் கழிவு விதிகள் இன்னும் தெளிவு. கால்நடை மருத்துவமனைக்கும் அவை பொருந்தும். கழிவைக் கையாளும் ஊழியருக்கு டெட்டனஸ், ஹெபடைடிஸ் பி தடுப்பூசி போட வேண்டும், சேரும்போதும் அப்புறம் வருடம் ஒரு முறையும் உடல் பரிசோதனை செய்ய வேண்டும், ஊசி குத்திவிட்டால் பதிவு செய்ய வேண்டும். பயன்படுத்திய ஊசி குத்தித் துளைக்க முடியாத வெள்ளை டப்பாவில்தான் போக வேண்டும். நடப்பதோ, போட்ட ஊசிக்குத் திரும்ப மூடி மாட்டி, அந்த மூடி தப்பி விரலில் குத்தி, "மருந்துதானே, ஒன்னும் ஆகாது" என்று துடைத்துக்கொள்வது. மருந்துதானே என்று விட முடியாது. கிடேரிக் கன்றுகளுக்கு 4 முதல் 8 மாதத்துக்குள் போடும் புரூசெல்லா (மாட்டுக்குக் கருச்சிதைவு உண்டாக்கும் நோய்) தடுப்பூசியில் இருப்பது உயிருள்ள கிருமி. போடுகிறவர் கையில் குத்தினால் அவருக்கே காய்ச்சலும் மூட்டு வலியுமாக அந்த நோய் வரலாம், வாரக்கணக்கில் மாத்திரை சாப்பிட வேண்டியிருக்கும். மாட்டுப் பக்கம் வேலை பார்க்கிறவர்கள் நஞ்சுக்கொடி எடுக்கும்போது முழங்கைக்கு மேல் வரும் கையுறை கேட்பதும் இதற்காகத்தான்.

எக்ஸ்ரே எடுக்கும்போது வெறும் கையால் நாயின் காலைப் பிடித்துக்கொண்டு நிற்பதைப் பற்றியும் எழுதலாம், ஆனால் அதற்கே இன்னொரு கடிதம் வேண்டும். எக்ஸ்ரே கதிரைத் தடுக்கப் போட்டுக்கொள்ளும் ஈய ஏப்ரனை மடித்து வைத்தால் உள்ளே விரிசல் விடும், தொங்கத்தான் விட வேண்டும், அதையாவது செய்யுங்கள்.

அடுத்தது, நாய் வளர்ப்பவர்களுக்கும் சேர்த்துச் சொல்வது. டாக்டர் இல்லாத நேரம் வந்து, "பரவாயில்ல தம்பி, நீயே ஒரு ஊசி போட்டு விடு, உனக்குத் தெரியாததா" என்பார்கள். பாசத்தில்தான் சொல்கிறார்கள், சரி. ஆனால் 1984-ஆம் ஆண்டின் இந்திய கால்நடை மருத்துவ கவுன்சில் சட்டம், 30-ஆம் பிரிவு என்ன சொல்கிறது என்றால், பதிவு பெற்ற டாக்டர்தான் வைத்தியம் பார்க்கலாம். கால்நடை பராமரிப்புத் துறையோ கால்நடை மருத்துவ நிறுவனமோ கொடுத்த டிப்ளமோ அல்லது சான்றிதழ் வைத்திருப்பவரை மாநில அரசு அனுமதித்தால், அவர் ஒரு டாக்டரின் மேற்பார்வையில் தடுப்பூசி, காயத்துக்குக் கட்டு மாதிரி முதலுதவி வேலைகளைச் செய்யலாம். தனியார் கிளினிக்கில் இருக்கும் எங்களில் பாதிப் பேருக்கு மேல் அந்தச் சான்றிதழே கிடையாது, பார்த்துப் பார்த்துக் கற்றுக்கொண்டவர்கள். நாங்கள் போட்ட ஊசியில் நாய்க்கு ஏதாவது ஆகிவிட்டால் யார் பதில் சொல்வது? டாக்டராவது கவுன்சிலுக்குப் பதில் சொல்லக் கடமைப்பட்டவர். எங்களுக்குப் பதிவேடும் இல்லை, ஒழுங்கு விதியும் இல்லை, கையை முறுக்கிப் போடச் சொன்னால் மாட்டேன் என்று சொல்லும் தைரியமும் இல்லை. மறுத்தால் வேலை போகும்.

ராத்திரி விஷயமும் அப்படித்தான். டிரிப் ஏறிக்கொண்டிருக்கும் நாயை விட்டுவிட்டுப் போகிறவர்கள், டாக்டர் உள்ளே இருக்கிறார் என்றே நம்பிப் போகிறார்கள். பல இடங்களில் விடிய விடிய இருப்பது ஓர் உதவியாளர் மட்டும்தான், டாக்டர் போனில். போனில் இருப்பதைத் தப்பு என்று நான் சொல்லவில்லை, சின்ன கிளினிக்கில் வேறு வழியும் இல்லை. கையெழுத்து வாங்கும் படிவத்தில் அதை ஒரு வரி எழுதிவிடுங்கள் என்கிறேன். தெரிந்து விட்டுப்போவது வேறு, தெரியாமல் விட்டுப்போவது வேறு.

கால்நடை பராமரிப்புத் துறை நினைத்தால் தனியார் கிளினிக் உதவியாளர்களுக்கு ஒரு குறுகிய பயிற்சியும் சான்றிதழும் கொடுத்து, பெயர்ப்பட்டியல் ஒன்று வைக்கலாம். அதுவரை டாக்டர்கள் தங்கள் ஆட்களைப் பக்கத்து அரசு மருத்துவமனைக்கு அழைத்துப்போய் என்ன ஊசி போட முடியும் என்று கேட்கட்டும், கடிபட்ட தேதியை எழுத ஒரு நோட்டு வாங்கி வைக்கட்டும். நாயைக் கூட்டி வருகிறவர்கள், அது கடிக்கும் என்று தெரிந்தால் "எங்க வீட்டுக் குழந்தை ஒன்னும் பண்ணாது" என்று சொல்லாமல், கவுண்டரிலேயே உண்மையைச் சொல்லி வாய்க்கூடையை நீங்களே மாட்டிக் கொண்டு வாருங்கள். உங்கள் கைக்கு அது அடங்கும், எங்கள் கைக்கு அடங்காது.

இப்படிக்கு,
தனியார் கால்நடை கிளினிக் உதவியாளர் ஒருவர்,
கோவை.