வளைகாப்புக்குக் கட்டம் இல்லை

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். மருத்துவத் துறை கணினிமயமாவது பற்றித் தங்கள் ஞாயிறு இதழில் வந்த கட்டுரையைப் படித்தேன். படங்கள் பளிச்சென்று இருந்தன. 'களப்பணியாளர்களின் மனத்தடையே தாமதத்துக்குக் காரணம்' என்ற வரிக்கு வந்தபோது கையிலிருந்த காப்பி ஆறிப்போனது. நாங்குநேரி, களக்காடு பக்கம் 29 ஆண்டுகள் கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவள் நான். எனக்கே தெரியாமல் என் மனத்தில் கிடந்த தடையைக் கண்டுபிடித்துச் சொன்ன கட்டுரையாளருக்கு நன்றி.

எங்கள் பக்கத்து வழக்கம் தாங்கள் அறியாததல்ல. ஏழாம் மாதம் வளைகாப்பு முடிந்த கையோடு, தலைப்பிரசவத்துக்குப் பெண்ணைத் தாய்வீட்டுக்கு அழைத்து வந்துவிடுவார்கள். மும்பையில் வாழ்க்கைப்பட்டவளிடம் நம் மாநிலத்துப் பிக்மி எண் (கர்ப்பிணிகளுக்கான அரசுப் பதிவு எண்) எப்படி இருக்கும்? வந்து இறங்கிய பிறகுதான் பதிவேன். அது தாமதப் பதிவுக் கணக்கில் விழும். 12 வாரத்துக்குள் ஏன் பதியவில்லை என்று மாதக் கூட்டத்தில் எழுப்பி நிறுத்துவார்கள். வளைகாப்பு என்றேன்; சிரித்தார்கள். மென்பொருளில் அதற்குக் கட்டம் இல்லையாம்.

கணினி வந்தால் பதிவேடு போய்விடும் என்றார்கள். எங்கே போனது? தகுதியுள்ள தம்பதியர் பதிவேடு, கர்ப்பிணிகள் பதிவேடு, தடுப்பூசிப் பதிவேடு எல்லாம் எழுதி முடித்து, அதே விவரத்தை இரவுச் சாப்பாட்டுக்குப் பின் மறுபடி ஏற்ற வேண்டும். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியருகே மட்டும்தான் சிக்னல். திரையில் வட்டம் சுற்றும். நான் கொசு அடிப்பேன். கீழே என் மகன் பத்தாம் வகுப்புப் பாடத்தைத் தனியே படித்துக்கொண்டிருப்பான். 5,000 பேருக்கு ஒரு செவிலியர் என்பது காகிதத்தில். பக்கத்து ஊர்ச் செவிலியர் ஓய்வுபெற்றால் அந்த ஊரும் நம் தலையில்தான். பஸ் போகாத ஊருக்குச் சொந்தக் காசில் ஆட்டோ பிடித்ததையெல்லாம் இப்போது எழுதி என்ன பயன்?

பிரிட்டனைப் பாருங்கள் என்கிறது கட்டுரை. பார்த்தேன். நாடு முழுமைக்குமான கணினித் திட்டம் என்று 2002-இல் தொடங்கி, பல நூறு கோடி பவுண்டு செலவழித்து, 2011-இல் கலைத்தார்கள். மேலிடத்தில் ஒப்பந்தம் போட்டவர்களுக்கு வார்டில் இருந்தவர்களைக் கேட்க நேரம் இருக்கவில்லை. அங்கேயும் மனத்தடை போலும்!

இப்போது ரத்த அழுத்த மாத்திரைக்கு நானே வரிசையில் நிற்கிறேன். போன வாரம் எனக்கு முன்னால் நின்ற ஆச்சியிடம் ஆபா எண் (மத்திய அரசின் மருத்துவக் கணக்கு எண்) பதிய ஓடிபி கேட்டார்கள். அது துபாயில் இருக்கும் மகனின் கைப்பேசிக்குப் போயிருந்தது. அவர் எடுக்கவில்லை. அவன் எடுத்தால்தான் எனக்கு மாத்திரையா என்று ஆச்சி சத்தம் போட்டார். கணினி முன் இருந்த பெண்ணைக் கோபிக்க எனக்கு மனம் வரவில்லை. மாலையில் அவளும் எண்ணிக்கை காட்டியாக வேண்டும்.

நான் கேட்பது பெரிதல்ல. பதிவேடு, கணினி இரண்டில் ஒன்றை மட்டும் வைத்துக்கொள்ளச் சொல்லி ஒரு பெட்டிச் செய்தி போடுங்கள். அடுத்த முறை தங்கள் நிருபர் துணை சுகாதார நிலையத்துக்கும் ஒரு நடை வரட்டும். மாலை நான்கு மணிக்கு மேல் வந்தால் நல்லது. அதற்கு முன் அங்குள்ள செவிலியர் ஏதாவது ஒரு வீட்டுத் திண்ணையில் இருப்பார்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற கிராம சுகாதாரச் செவிலியர்,
நாங்குநேரி வட்டம், திருநெல்வேலி மாவட்டம்.