30 கிலோ கத்தரிக்காயை எங்கே விற்பது?

வேலூர் மாவட்ட ஆட்சியர் அவர்களுக்கும், வேளாண் விற்பனை மற்றும் வேளாண் வணிகத் துறை அலுவலர்களுக்கும், மாநகரில் மாணவர் விடுதி, மெஸ், மருத்துவமனைச் சமையற்கூடம் நடத்துவோருக்கும் வணக்கம்.

அணைக்கட்டு, ஒடுகத்தூர், கணியம்பாடிப் பக்கம் அரை ஏக்கர், முக்கால் ஏக்கரில் காய்கறி போடுகிறவர்களுக்காக இதை எழுதுகிறோம். கத்தரி மூன்று நான்கு நாளுக்கு ஒரு பறிப்பு வரும். ஒரு பறிப்பில் 30 கிலோ கிடைக்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். மண்டியில் கிலோ 20 ரூபாய் போனால், மூட்டைக்கு 1 கிலோ கழிவு போக 580 ரூபாய். நூற்றுக்குப் பத்து கமிஷன் 58. வண்டிக்கும் ஏற்று இறக்குக் கூலிக்கும் 100. கையில் நிற்பது 422. கிலோவுக்கு 14 ரூபாய். தெருக்கடையில் அதே காய் 35, 40.

இருந்தும் விவசாயி ஏன் மண்டிக்கே போகிறார்? அங்கே அன்றைக்கே பணம் வருகிறது. விதைக்கும் மருந்துக்கும் முன்பணம் கிடைக்கிறது. இந்த இரண்டையும் ஈடுகட்டாத எந்த ஏற்பாடும் ஒரு பட்டத்துக்கு மேல் நிற்காது.

1999-ல் மதுரையில் தொடங்கிய உழவர் சந்தைத் திட்டம் நல்ல திட்டம். கமிஷன் இல்லை, தராசு இலவசம். வேலூர் டோல்கேட்டிலும் காட்பாடியிலும் இன்றும் அதை நம்பிப் பிழைப்பவர்கள் உண்டு. ஆனால் 30 கிலோவை விற்க ஒருவர் காலை முழுவதும் அங்கே உட்கார வேண்டும். வீட்டில் இரண்டே பேர் என்றால் அன்றைக்குத் தண்ணீர் கட்டவோ களை எடுக்கவோ ஆள் இல்லை. ஆகவே ஒரே ஊரில் உழவர் சந்தை அடையாள அட்டை வைத்திருக்கும் ஐந்து பேருக்காக ஒருவர் விற்க அனுமதியுங்கள். இதில் வியாபாரி நுழைந்துவிடுவார் என்ற பயம் நியாயமானது. அட்டைதாரர் என்ன பயிர், எத்தனை சென்ட் போட்டிருக்கிறார் என்பதை உதவி வேளாண் அலுவலர் மாதம் ஒருமுறை வயலில் பார்த்து, பட்டியலைச் சந்தை வாசலில் ஒட்டட்டும். 10 சென்ட் கத்தரிக்காரர் நாள் தவறாமல் 100 கிலோ கொண்டுவந்தால் யாருக்கும் புரிந்துவிடும்.

மாலை 4 முதல் 8 வரையிலும் சந்தை வேண்டும். வேலை முடிந்து திரும்புகிறவர்கள் அப்போதுதான் காய் வாங்குகிறார்கள். சிஎம்சி மருத்துவமனைக்கு வங்காளத்திலிருந்தும் வடகிழக்கிலிருந்தும் வரும் குடும்பங்களில் பலர் லாட்ஜ் அறையிலேயே சமைக்கிறார்கள். கால் கிலோ, அரை கிலோ, ஒரு கட்டுக் கீரை என்று தினமும் வாங்கும் இவர்களுக்காக மருத்துவமனைக்கு அருகிலேயே ஒரு மாலைக் கடை போடலாம்.

பெரிய வாய்ப்பு விடுதிச் சமையலறைகள்தான். இதற்கு ஒடுகத்தூரில் ஒரு சேகரிப்பு மையம் போதும்: ஒரு கூரை, எலக்ட்ரானிக் தராசு, 20 கிலோ பிளாஸ்டிக் பெட்டிகள், ஒரு சிறிய சரக்கு வண்டி. காயை மாலையில் காம்போடு பறித்து நிழலில் தரம் பிரிக்க வேண்டும். கோணியில் திணித்தால் காம்பு முள் பக்கத்துக் காயைக் குத்தி, மறுநாள் அந்த இடம் கறுக்கும். கழுவி ஈரத்தோடு அடுக்கினால் அழுகும். புழுத்துளை உள்ளதை அங்கேயே கழித்துவிட வேண்டும். சமையலறை வாசலில் ஒரு பெட்டி திரும்பினால் அன்றைய வண்டி வாடகை போச்சு.

இத்தகைய முயற்சி பெரும்பாலும் கவிழ்வது காயால் அல்ல, பில்லால். ஒரு மெஸ் நாளுக்கு 300 கிலோ, கிலோ 25 ரூபாய்க்கு எடுத்தால் தினம் 7,500 ரூபாய். பில் 30 நாள் கழித்துத் தீர்ந்தால் 2,25,000 ரூபாய் வெளியே நிற்கும். அதுவரை காத்திருக்க அரை ஏக்கர்க்காரரால் முடியாது. பத்தாம் நாளே மண்டிக்குத் திரும்பிவிடுவார். அந்தத் தொகையை, விவசாயிகளே பங்குதாரர்களாக இருக்கும் உழவர் உற்பத்தியாளர் நிறுவனத்துக்குச் சுழல்நிதியாகக் கொடுங்கள். வாரம் ஒருமுறை விவசாயி கணக்கில் பணம் ஏறட்டும். மெஸ் நடத்துவோரிடம் கேட்பது இரண்டு: அடுத்த வாரத்துக்கு என்ன காய், எத்தனை கிலோ என்பதை வியாழக்கிழமையே சொல்லுங்கள், விலையைத் தினமும் பேரம் பேசாமல், உழவர் சந்தைப் பலகை விலையின் ஏழு நாள் சராசரியில் வாரத்துக்கு ஒருமுறை வையுங்கள்.

எங்கள் மாவட்டத்து இலவம்பாடி முள்ளுக்கத்தரிக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. ஆனால் அந்தக் குறியீட்டைப் போட்டு விற்க விவசாயி அங்கீகரிக்கப்பட்ட பயனாளராகப் பதிய வேண்டும். அந்தப் பதிவை ஊருக்கே வந்து முகாம் போட்டு முடித்துக் கொடுங்கள். இல்லையென்றால் வேறு ஊர்க் கத்தரியும் அதே பெயரில் அதே கூடையில் விற்கும்.

ஒரே நாளில் மாவட்டம் முழுக்க வேண்டாம். ஒரு சேகரிப்பு மையம், இரண்டு சமையலறைகள், மூன்று மாதம். எந்த ஊரில், எந்தக் கிழமையில், என்ன காய், எத்தனை கிலோ வரும் என்ற பட்டியலை நாங்கள் எழுதித் தருகிறோம். அடுத்த விவசாயிகள் குறைதீர் நாள் கூட்டத்தில் இதற்கென்று அரை மணி நேரம் ஒதுக்குங்கள்.

இப்படிக்கு,
அணைக்கட்டு வட்டாரச் சிறு காய்கறி விவசாயிகள்