பேட்டரி தந்த பெரியவருக்கு நன்றி

2023 ஏப்ரல் 29 இரவு, டொரோண்டோ மேப்பிள் லீஃப் சதுக்கத்தில் எனக்கு உதவிய பெரியவருக்கு இந்த நன்றி. பெயர் கேட்பதற்குள் கூட்டம் எங்களைப் பிரித்துவிட்டது.

எங்கள் ஊர் பனி ஹாக்கி அணியான மேப்பிள் லீஃப்ஸ், அமெரிக்காவின் டாம்பாவில் ஆடிய பிளே-ஆஃப் (வெளியேற்றுச் சுற்று) ஆட்டத்தைப் பெருந்திரையில் பார்த்துக்கொண்டிருந்தோம். நண்பர்கள் வாட்ஸ்அப்பில் படம் கேட்டு நச்சரித்தபடி இருந்தார்கள். கூடுதல் நேரம் தொடங்கும் தறுவாயில், குளிரில் என் காமிரா பேட்டரி உயிரைவிட்டது. பக்கத்தில் நின்ற நீங்கள் ஒரு வார்த்தை பேசாமல் பையைத் திறந்து, ஓரம் தேய்ந்து நீல நாடா ஒட்டிய உங்கள் பேட்டரியை என் கையில் வைத்தீர்கள். நல்லவேளை, இருவருக்கும் ஒரே மாடல்.

"திரையைப் படமெடுக்காதே தம்பி, திரையைப் பார்க்கிற முகங்களை எடு. ஷட்டர் வேகத்தைக் குறை, இல்லாவிட்டால் படத்தில் பட்டை விழும்" என்றீர்கள். இசைக் கச்சேரிகளைப் படமெடுப்பவராம் நீங்கள். அங்கே பெரும்பாலும் முதல் மூன்று பாடல்களுக்குத்தான் படமெடுக்க அனுமதி, ஃபிளாஷ் கூடாது. பாடகர் மைக்கை விட்டு விலகி மூச்சிழுக்கும் கணத்துக்குக் காத்திருக்க வேண்டும் என்று சொன்னது அப்படியே நினைவிருக்கிறது. இன்றும் கச்சேரிகளில் அப்படித்தான் எடுக்கிறேன்.

கூடுதல் நேரத்தில் லீஃப்ஸ் வீரர் டவாரெஸ் கோல் அடித்தார். 2004க்குப் பிறகு லீஃப்ஸ் ஒரு பிளே-ஆஃப் சுற்றை வென்றது அதுவே முதல் முறை! அழுதுகொண்டே மகளைத் தூக்கிப் பிடித்த ஒரு தந்தையின் முகம் எனக்குக் கிடைத்தது. அது உங்களால் கிடைத்த படம், ஐயா.

உங்கள் பேட்டரி என்னிடம் பத்திரமாக இருக்கிறது. அந்தப் படத்தின் பெரிய பிரதி ஒன்றும் உங்களுக்காக எடுத்து வைத்திருக்கிறேன். இதைப் படித்தால் அவசியம் தொடர்புகொள்ளுங்கள்.