லிஃப்ட் பக்கத்தில் ஒட்டியிருக்கும் அந்த அறிவிப்பைக் கழற்றுங்கள்: நம் குடியிருப்போர் சங்கத்துக்கு ஒரு திறந்த மடல்

சங்கத் தலைவர், செயலாளர், பொருளாளர், அப்புறம் நம்மோடு குடியிருக்கும் எல்லோருக்கும் வணக்கம்.

டெலிவரி ஆட்கள் குடியிருப்பவர்களின் லிஃப்ட்டில் ஏறக்கூடாது, பின்பக்கத்து சர்வீஸ் லிஃப்ட்டில்தான் போக வேண்டும், அது ஓடாவிட்டால் படி ஏற வேண்டும் என்று போன மாதம் ஒரு தாளை ஒட்டினீர்களே, அதைப் பற்றித்தான் எழுதுகிறேன். இந்த ஊரில் பல அடுக்குமாடிகளில் இதே விதி இருக்கிறது. அதனால்தான் நம் வாட்ஸ்அப் குழுவோடு நிறுத்தாமல் எல்லோரும் படிக்கும்படி பொதுவில் போடுகிறேன். பேச்சில் ஒரு சூப்பர் ஹீரோ படமும் வரும். கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள், சம்பந்தம் இருக்கிறது.

படம் 2004-ல் வந்த ஸ்பைடர்மேன் 2. சாம் ரைமி இயக்கியது. பள்ளி விடுமுறையில் மகனோடு உட்கார்ந்து மறுபடி பார்த்தேன். சின்ன வயதில் பார்த்தபோது முதுகில் நாலு இயந்திரக் கை முளைத்த வில்லனையும் சண்டையையும்தான் வாய் பிளந்து பார்த்தோம், கிராஃபிக்ஸுக்காக அந்தப் படம் ஆஸ்கரும் வாங்கியது. இந்த முறை என்னைப் பிடித்து உட்கார வைத்தது வேறு. படம் தொடங்கும்போது, முகமூடிக்குள் ஸ்பைடர்மேனாக இருக்கும் பீட்டர் பார்க்கர் யார்? ஹெல்மெட் போட்டுக்கொண்டு ஒரு ஓட்டை மொபெட்டில் பீட்சா கொண்டுபோகிற பையன். 29 நிமிடத்துக்குள் சேர்க்கவில்லையென்றால் காசு கிடையாது என்பது அந்தக் கடையின் வாக்குறுதி. அவன் கையில் அட்டைப்பெட்டிகள் அடுக்கடுக்காக இருக்கின்றன, முன்னால் நியூயார்க் டிராஃபிக் அசையாமல் நிற்கிறது. வழியில் பந்தை எடுக்க ரோட்டில் இறங்கிய இரண்டு குழந்தைகளை லாரியில் அடிபடாமல் காப்பாற்றுகிறான், அதில் நேரம் போய்விடுகிறது. கடைசியில் ஆர்டர் கொடுத்த அலுவலகத்தின் துடைப்ப அறைக்குள்ளிருந்து மாப் கட்டைகளோடு மல்லுக்கட்டி வெளியே வந்து பெட்டிகளை மேசையில் வைத்தால், வரவேற்பில் இருக்கும் பெண் லேட் என்று சொல்லிப் பணம் தர மறுத்துவிடுகிறாள். கடைக்குத் திரும்பினால் வேலையும் போகிறது.

அந்தப் பெண்ணை நான் கெட்டவள் என்று சொல்லமாட்டேன். கடை சொன்ன விதியைத்தான் அவள் சொல்கிறாள். அதேபோல அவனுடைய பேராசிரியர், கெட்டிக்காரன் ஆனால் சோம்பேறி என்று இன்னொரு விஞ்ஞானியிடம் சொல்லி வைத்திருக்கிறார். வீட்டுக்காரர் வாடகை கேட்டுப் பிடுங்குகிறார், நாடகக் கொட்டகையில் தாமதமாக வந்தவனை வாசல்காரர் உள்ளே விடவில்லை. எல்லோர் கையிலும் ஒரு கதவு இருக்கிறது, எல்லோரிடமும் ஒரு நியாயமான விதி இருக்கிறது, ஆனால் தம்பி எங்கிருந்து வருகிறாய், ஏன் இப்படி மூச்சு வாங்குகிறது என்று கேட்க மட்டும் ஒருவருக்கும் நேரமில்லை. அவனும் வாயைத் திறந்து சொல்ல முடியாத நிலையில் இருக்கிறான்.

இந்த நிமிடக் கணக்கு கற்பனையும் இல்லை. டாமினோஸ் அமெரிக்காவில் 30 நிமிட உத்தரவாதம் கொடுத்துக்கொண்டிருந்த காலத்தில், செயின்ட் லூயிஸில் அதன் டெலிவரி வண்டி மோதிப் படுகாயமடைந்த ஒரு பெண்ணுக்கு ஜூரி 7 கோடி டாலருக்கும் மேல் இழப்பீடு அறிவித்தது. அதன் பிறகுதான் 1993-ல் அந்த உத்தரவாதத்தை அங்கே கைவிட்டார்கள். நாமோ அதற்கப்புறம் 10 நிமிடத்துக்கு வந்தோம்.

அந்த நிமிடங்களில் எத்தனை நம் வளாகத்துக்குள் கரைகிறது என்று ஒருமுறை நின்று பாருங்கள். கேட்டில் பெயர், போன் நம்பர், எந்த வீடு என்று எழுத வேண்டும். நாம் ஆப்பில் ஓகே கொடுக்கும்வரை வெயிலில் நிற்க வேண்டும். பிறகு வண்டியை வெளியே விட்டுவிட்டு உள்ளே நடந்து, பின்பக்கம் சுற்றிக்கொண்டு போனால் சர்வீஸ் லிஃப்ட்டில் காலையில் குப்பை டிரம் இருக்கும், பகலில் யாராவது வீட்டு வேலைக்கு டைல்ஸும் மணல் மூட்டையும் ஏறிக்கொண்டிருக்கும். ஆர்டருக்கு இவ்வளவு, ஒரு நாளைக்கு இத்தனை ஆர்டர் முடித்தால் இன்சென்டிவ் என்கிற கணக்கில் ஓடுகிறவருக்கு இங்கே நிற்கிற நேரம் முழுக்கக் கைநஷ்டம், அது போதாதென்று லேட் என்று ரேட்டிங்கைக் குறைக்கிறவர்களும் நாம்தான்.

சித்திரை வெயிலில் ஒரு மத்தியானம் சி பிளாக் படியில் ஒரு பெண்ணைப் பார்த்தேன். நாலாவது மாடித் திருப்பத்தில் பையைக் கீழே வைத்துவிட்டு, சுவரில் கை ஊன்றி நின்றுகொண்டிருந்தார். பத்து கிலோ அரிசி, ஐந்து லிட்டர் எண்ணெய் கேன், மேலே ஒரு தர்பூசணி. போக வேண்டியது எட்டாவது மாடி. என்னோடு லிஃப்ட்டில் வாருங்கள் என்றேன். வேண்டாம் அண்ணா, செக்யூரிட்டி திட்டுவாங்க, கேமரா இருக்கு என்றார். பையை நான் லிஃப்ட்டில் எடுத்துக்கொண்டு போனேன், அவர் வெறுங்கையோடு படியேறி வந்தார். அரிசிக்கு அனுமதி உண்டு, அதைச் சுமந்து வந்தவருக்குக் கிடையாது. இதை எப்படி மகனுக்கு விளக்குவது என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.

இப்போது படத்துக்கு வருகிறேன். அதில் ஒரு லிஃப்ட் காட்சி இருக்கிறது. பீட்டருக்குச் சக்தி போய்விடுகிறது, வலை வரவில்லை, சுவரில் ஒட்ட முடியவில்லை. அதனால் அந்தச் சிவப்பு நீல உடையோடவே ஒரு கட்டடத்தின் லிஃப்ட்டில் ஏறிக் கீழே வருகிறான். உள்ளே இன்னொருவர் ஏறுகிறார். பக்கத்தில் நிற்பவனை மேலும் கீழும் பார்க்கிறார், உடை நன்றாக இருக்கிறது என்கிறார். நானே தைத்தேன் என்கிறான், கொஞ்சம் அரிக்கும் என்றும் சொல்கிறான். அவ்வளவுதான் பேச்சு. தியேட்டரில் எல்லோரும் சிரித்த காட்சி அது. எனக்கு இப்போது அதில் தெரிவது, முகம் தெரியாத ஒரு ஆளும் இன்னொருவரும் ஒரே லிஃப்ட்டில் சங்கடமில்லாமல் இறங்கி வருகிறார்கள் என்பதுதான். யூனிஃபார்ம் போட்ட ஒருவர் பக்கத்தில் நின்றால் நமக்கு என்ன குறைந்துவிடும்?

வீட்டுக்காரரின் மகள் உர்சுலா என்று ஒரு ஒல்லிப் பெண் வருவாளே, அவள்தான் என் கணக்கில் இந்தப் படத்தின் பெரிய மனுஷி. எல்லாம் கையை விட்டுப் போய் இடிந்துபோய் உட்கார்ந்திருப்பவனின் கதவைத் தட்டி, சாக்லேட் கேக் சாப்பிடுகிறாயா, பால் வேண்டுமா என்று கேட்பாள். அவன் தின்னும்வரை பக்கத்தில் உட்கார்ந்திருப்பாள். அவன்தான் ஸ்பைடர்மேன் என்று அவளுக்குத் தெரியாது, கேட்கவும் இல்லை. அப்புறம் ரயில் காட்சி. (நியூயார்க் என்று காட்டினாலும் அந்தத் தண்டவாளம் சிகாகோவில் இருக்கிறது.) பிரேக் போன ரயிலை உயிரைக் கொடுத்து நிறுத்திவிட்டு அவன் மயங்கி விழப்போகும்போது உள்ளே இருக்கும் பயணிகள் எட்டிப் பிடித்து, தலைக்கு மேலே கை மாற்றி மாற்றி உள்ளே கொண்டுபோய்ப் படுக்க வைக்கிறார்கள். முகமூடி இல்லாத முகத்தைப் பார்த்து ஒருவர், இவன் என் பையன் வயசு கூட இருக்கமாட்டான் போலிருக்கிறதே என்று திகைக்கிறார். வில்லன் திரும்ப வரும்போது எந்தச் சக்தியும் இல்லாத அந்த மனிதர்கள் குறுக்கே நிற்கிறார்கள். ஒரே தள்ளில் ஒதுக்கிவிடுகிறான், அது தெரிந்துதான் நின்றார்கள். அவனைக் காப்பாற்றியது அந்தக் கைகள்தான் என்று நான் நினைக்கிறேன்.

இவர்களையெல்லாம் ஹீரோ என்று புகழச் சொல்லி நான் கேட்கவில்லை. கொரோனா காலத்தில் பால்கனியில் நின்று கைதட்டினோம், அது போதும். மத்திய அரசின் நிதி ஆயோக் 2022-ல் போட்ட கணக்குப்படி, மாதச் சம்பளமில்லாமல் வேலைக்கு வேலை கூலி வாங்கும் இந்த மாதிரி கிக் வேலையில் இருப்பவர்கள் 2020-21-ல் 77 லட்சம் பேர், 2029-30-ல் 2.35 கோடி ஆவார்கள். தமிழ்நாடு அரசு 2023-ல் இவர்களுக்கென்று ஒரு நல வாரியம் அமைத்தது, சென்னை மாநகராட்சி 2025-ல் அண்ணா நகரில் ஏசி வசதியோடு ஓய்வறை திறந்தது. அரசாங்கத்துக்கே இவர்கள் கால் வலிப்பது தெரிந்திருக்கிறது, நாம்தான் தாள் ஒட்டிக்கொண்டிருக்கிறோம்.

பாதுகாப்புக்காக என்று செயலாளர் சார் சொல்வார். பாதுகாப்பு கேட்டிலேயே முடிந்துவிடுகிறது சார். பெயரும் நம்பரும் வாங்கி, வீட்டுக்காரர் ஒப்புக்கொண்ட பிறகுதான் ஒருவர் உள்ளே வருகிறார், அதன் பின் எந்த லிஃப்ட்டில் ஏறினாலும் அதே ஆள்தான். சொல்லப்போனால் கேமரா வைத்த லிஃப்ட்டை விட்டுவிட்டு ஆளில்லாத படிக்கட்டுக்கு அனுப்புவதுதான் எனக்குப் பாதுகாப்பில்லாததாகப் படுகிறது. குழம்பு கொட்டி லிஃப்ட் அழுக்காகிறது என்றால், நம் வீட்டு ஆட்கள் கொட்டாத குழம்பா? துடைத்துக்கொள்ளலாம்.

வரும் பொதுக்குழுவில் மூன்று விஷயங்களைத் தீர்மானமாக வைக்கப்போகிறேன். அந்தத் தாளைக் கழற்றி, எந்த லிஃப்ட்டிலும் யாரும் ஏறலாம் என்று செக்யூரிட்டிகளுக்கு எழுத்தில் கொடுக்க வேண்டும். கேட் பக்கத்து கழிப்பறையை டெலிவரிக்கு வருகிறவர்களுக்கும் திறந்துவிட வேண்டும், முக்கியமாகப் பெண்களுக்கு, நாள் முழுக்கத் தண்ணீர் குடிக்காமல் ஓடுகிறவர்கள் அவர்கள். கேட்டில் ஒரு தண்ணீர் கேனும் நிழலுக்கு ஒரு ஷீட்டும் வேண்டும், அந்தச் செலவு மெயின்டனன்ஸில் சேராது என்றால் சி பிளாக்கில் நாங்கள் சிலர் பார்த்துக்கொள்கிறோம். எதிர்ப்பவர்கள் கூட்டம்வரை காத்திருக்க வேண்டாம், சாயங்காலம் ஏழு மணிக்கு மேல் நான் வீட்டில்தான் இருப்பேன், வாருங்கள், பேசலாம்.

இப்படிக்கு,
சி பிளாக், ஆறாவது மாடி