ரீசைக்கிள் பின்னுக்கே போகாமல் அழிந்த ஃபைல்கள்: ஏ.எம்.சி. சேவை குறித்த புகார்

அனுப்புநர்:
டிடிபி மற்றும் போட்டோ கடை உரிமையாளர்,
கொழிஞ்சாம்பாறை, பாலக்காடு மாவட்டம்.

பெறுநர்:
மேலாளர் அவர்கள்,
வாடிக்கையாளர் சேவைப் பிரிவு,
கோயம்புத்தூர்.

மதிப்பிற்குரிய ஐயா, வணக்கம்.

எங்கள் கடைக் கம்ப்யூட்டர்களை ஏ.எம்.சி. (வருடப் பராமரிப்பு ஒப்பந்தம்) முறையில் உங்கள் கம்பெனிதான் பராமரித்து வருகிறது. போன முறை உங்கள் ஆட்கள் வந்து சர்வீஸ் செய்துவிட்டுப் போன பிறகு, டி டிரைவில் எதை டெலீட் செய்தாலும், அழித்ததைத் திரும்ப எடுக்கும்படி சேர்த்து வைக்கும் ரீசைக்கிள் பின்னுக்கு அது போகாமல் நேராக அழிந்துபோகும்படி செட்டிங் மாறியிருந்தது. எங்களிடம் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அதனால் ஆவணி முகூர்த்த வேலைகள் மொத்தமும் போய்விட்டன. மீட்டுத் தர வந்த உங்கள் டெக்னீஷியன் மிச்சமிருந்த வாய்ப்பையும் கெடுத்துவிட்டார். அது போதாதென்று சர்வீஸ் ரிப்போர்ட்டில் 'பயனர் தவறு' என்று எழுதி, கடையில் வேலை பார்க்கும் பெண்ணிடம் கையெழுத்துக் கேட்டிருக்கிறார்.

ஆவணியில் எங்களுக்கு எவ்வளவு வேலை இருக்கும் என்பதைக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். இங்கே தமிழ்க் குடும்பங்களும் மலையாளக் குடும்பங்களும் பக்கத்து பக்கத்தில் இருக்கிறோம். நமக்கு ஆவணி, அவர்களுக்குச் சிங்ஙம், நடுவில் ஓணம், எல்லாம் ஒரே நேரத்தில் வந்து சேரும். எருத்தேம்பதி, வடகரப்பதி, வேலந்தாவளம் என்று சுற்றுவட்டாரம் முழுக்கப் பத்திரிகை அடிக்க எங்களிடம் வருவார்கள். பல பத்திரிகைகளில் ஒரு பக்கம் தமிழ், மறுபக்கம் மலையாளம். தமிழுக்குப் பாமினி, மலையாளத்துக்குக் கார்த்திகா என்று பழைய எழுத்துருக்களில், பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு சாஃப்ட்வேரில் அமைத்த பக்கங்கள் அவை. யூனிகோடு இல்லாததால், வாட்ஸ்அப்பில் அனுப்பிவைத்த பிடிஎஃப்பிலிருந்து காப்பி எடுத்து ஒட்டினால் ஆங்கில எழுத்தும் குறியுமாகத்தான் வரும். மறுபடி முதல் வரியிலிருந்து டைப் செய்து, இரண்டு வீட்டாருக்கும் ப்ரூஃப் காட்டி, தாத்தா பெயர், குலதெய்வத்தின் பெயர் வரை சரிபார்க்க வேண்டும். அதையாவது ராத்திரி கண் விழித்துச் செய்துவிடலாம். அதே ஃபோல்டரில் இருந்த கல்யாண போட்டோக்களை என்ன செய்வது? டி டிரைவுக்கு ஏற்றி, பேக்கப் டிஸ்க்கிலும் போய்ச் சேர்ந்துவிட்டதா என்று பார்த்த பிறகுதான் கேமரா கார்டைக் காலி செய்கிறோம். உங்கள் ஆட்கள் சொல்லிக்கொடுத்த முறை அது.

ஒரு சாயங்காலம் போன வருடத்து ஃபோல்டர்களை ஒதுக்கும்போது, பெயர் ஒரே மாதிரி இருந்ததால் நடப்பு ஃபோல்டரும் சேர்ந்து டெலீட் ஆகிவிட்டது. காலையில் கடை திறந்ததுமே கவனித்துவிட்டோம். ஆனால் ரீசைக்கிள் பின்னைத் திறந்தால் காலியாக இருந்தது. கை தவறுவது எல்லாருக்கும் நடக்கும். அதற்காகத்தான் 1995-இல் விண்டோஸ் 95 வந்தபோதே ரீசைக்கிள் பின்னை வைத்தார்கள்.

உங்கள் சேவை எண்ணுக்குப் போன் செய்தேன். "ஷிஃப்ட்டோட டெலீட் அடிச்சிருப்பாங்க, அதான் பின்னுக்குப் போகல" என்று எடுத்த எடுப்பிலேயே சொல்லிவிட்டார்கள். ஒரு கேள்வி கேட்கவில்லை, ரிமோட்டில் வந்து பார்க்கவும் இல்லை. சரி, நாமே பார்ப்போம் என்று ஒவ்வொன்றாகப் பார்த்தேன். பென் டிரைவில் இருப்பதை அழித்தால் பின்னுக்கு வராது. இது உள்ளேயே இருக்கும் ஹார்டு டிஸ்க். நெட்வொர்க் வழியாக இன்னொரு கம்ப்யூட்டரில் இருப்பதை அழித்தாலும் வராது. எங்கள் கடையில் வேலை பார்க்கும் பெண் அதே கம்ப்யூட்டரில் உட்கார்ந்து மவுஸால்தான் டெலீட் செய்தார். பின்னுக்கு ஒதுக்கிய அளவைவிட ஃபைல் பெரிதாக இருந்தால் 'நிரந்தரமாக அழிக்கட்டுமா' என்று விண்டோஸ் கேட்கும். அப்படி எதுவும் கேட்கவில்லை. ஷிஃப்ட் கீ அமுங்கியே நின்றுவிட்டதோ என்று நோட்பேடில் ஆங்கிலத்தில் தட்டிப் பார்த்தேன். சின்ன எழுத்துதான் விழுந்தது. அப்புறம் ஒரு சின்ன டெக்ஸ்ட் ஃபைலை சி டிரைவில் வைத்து டெலீட் செய்தேன், பின்னில் வந்து உட்கார்ந்தது. அதே மாதிரி ஒன்றை டி டிரைவில் வைத்து டெலீட் செய்தேன், எங்கேயும் காணோம்.

ரீசைக்கிள் பின் மேல் ரைட் கிளிக் செய்து ப்ராப்பர்ட்டீஸைத் திறந்ததும் விஷயம் வெளியே வந்தது. அந்தச் செட்டிங் ஒவ்வொரு டிரைவுக்கும் தனித்தனி. சி டிரைவுக்கு எப்போதும் போல இருந்தது. டி டிரைவைத் தொட்டால், பின்னுக்கு அனுப்பாமல் உடனே நீக்கும் இரண்டாவது தேர்வில் புள்ளி இருந்தது. அழிக்கும் முன் உறுதி கேட்கும் பெட்டியில் டிக் எடுக்கப்பட்டிருந்தது. அந்த விண்டோவைப் போனில் படம் பிடித்து இணைத்திருக்கிறேன். கேட்டபோது, "டி டிரைவ் ஃபுல்லா இருந்துச்சு, இடம் மிச்சமாகும்னு மாத்தினோம்" என்று உங்கள் ஆளே ஒப்புக்கொண்டார். பின்னை ஒரு தடவை காலி செய்திருந்தால் அதே இடம் கிடைத்திருக்கும். பாதுகாப்பை எடுத்துவிட்டு இடம் பிடிக்கச் சொல்லி நாங்கள் கேட்கவே இல்லை.

பேக்கப் இருக்கிறதே என்று அந்த டிஸ்க்கை மாட்டிய கம்ப்யூட்டரில் பார்த்தால் அங்கேயும் ஃபோல்டர் இல்லை. தினமும் இரவு ஓடும்படி நீங்கள் வைத்துக்கொடுத்த ரோபோகாப்பி (விண்டோஸில் ஃபைல்களை நகலெடுக்கும் கட்டளை) வேலை மிரர் முறையில் இருந்திருக்கிறது. மூல டிஸ்க்கில் இல்லாததை அது பேக்கப்பிலிருந்தும் நீக்கிவிடும், அந்த நீக்கமும் ரீசைக்கிள் பின்னுக்குப் போகாது. ஆக சாயங்காலம் இங்கே போனது, விடிவதற்குள் அங்கேயும் போய்விட்டது. இதைப் பேக்கப் என்று சொல்லித்தான் ஏ.எம்.சி. தொகையில் சேர்த்திருக்கிறீர்கள். அதைப் பார்த்த நிமிடமே அந்த டிஸ்க்கைக் கழற்றித் தனியாக எடுத்து வைத்துவிட்டேன்.

இதற்குப் பிறகு உங்கள் டெக்னீஷியன் செய்ததுதான் என்னால் ஏற்கவே முடியாதது. ஹார்டு டிஸ்க்கில் ஒன்றை அழித்தால் அதன் பதிவு மட்டும்தான் உடனே நீங்கும். வேறு ஏதாவது மேலே எழுதப்படும்வரை உள்ளே இருப்பது அப்படியே கிடக்கும். பதிவேட்டில் பெயரை அடித்துவிட்டாலும் நிலம் அதே இடத்தில் இருப்பது போலத்தான். எஸ்எஸ்டியாக இருந்தால், அழித்த இடத்தைத் தானே துடைக்கும் ட்ரிம் வசதி வேலை செய்து சீக்கிரமே துடைத்துவிடும், நம்பிக்கை குறைவு. எங்கள் டி டிரைவ் பழைய ஹார்டு டிஸ்க், நல்ல வாய்ப்பு இருந்தது. அதனால்தான் கம்ப்யூட்டரை அணைத்துவிட்டு யாரையும் தொடவிடாமல் காத்திருந்தேன். கோபாலபுரம் வழியாக வந்து சேர்ந்த உங்கள் டெக்னீஷியன் தம்பி, ரிகவரி சாஃப்ட்வேரை அதே டி டிரைவிலேயே இறக்கினார். வேண்டாம், வேறு டிஸ்க் தருகிறேன் என்றேன். "பரவால்லைங்க" என்று சொல்லிவிட்டு, மீட்ட ஃபைல்களையும் அதே டிரைவிலேயே சேமிக்க வைத்தார். எதை மீட்க வேண்டுமோ அதன் மேலேயே எழுதிக்கொண்டு போனார்.

கிடைத்தவற்றில் ஒன்றுக்கும் பெயர் இல்லை, எல்லாம் எண்கள். எது எந்தக் கல்யாணம் என்று ஒவ்வொன்றாகத் திறந்துதான் பார்க்க வேண்டும். பல படங்கள் பாதி வரைதான் வருகின்றன. ஒரு படத்தில் முகூர்த்தக் கால் நடும் இடத்தில் பெண்ணின் நெற்றிச் சுட்டியும் கண்ணும் தெளிவாக இருக்கின்றன. கன்னத்துக்குக் கீழே வெறும் சாம்பல் நிறம். வேலந்தாவளத்திலிருந்து வந்த அந்தப் பெண்ணின் அப்பாவிடம் நான் இதைத்தான் காட்ட வேண்டியிருந்தது. அவர் கோபப்படவில்லை. கொடுத்த முன்பணத்தைத் திருப்பிக் கொடுத்தபோது வாங்கவும் இல்லை. பேஜ்மேக்கர் ஃபைல்கள் ஒன்றும் திறக்கவில்லை.

இவ்வளவும் நடந்த பிறகு 'பயனர் தவறு' என்ற ரிப்போர்ட். நான் பேங்க் வரை போயிருந்த நேரத்தில் அதைக் கடையில் வேலை பார்க்கும் பெண்ணிடம் உங்கள் டெக்னீஷியன் நீட்டியிருக்கிறார். அவர் கையெழுத்துப் போடவில்லை. ஆனால் அன்றிலிருந்து எதையும் டெலீட் செய்யப் பயப்படுகிறார், தன் சம்பளத்தில் பிடித்துக்கொள்ளச் சொல்கிறார். இருபது வயதுப் பெண்ணின் தலையில் ஒரு கம்பெனி தன் பிழையை ஏற்றி வைப்பதை நான் பார்த்துக்கொண்டிருக்க மாட்டேன்.

நான் கேட்பது இவைதான். தனியாக எடுத்து வைத்திருக்கும் பேக்கப் டிஸ்க்கில் அதற்குப் பிறகு எதுவும் எழுதப்படவில்லை. அதை முறையான டேட்டா ரிகவரி லேபுக்கு உங்கள் செலவில் அனுப்ப வேண்டும். உங்கள் ஆபீஸில் வைத்து யாரும் சோதித்துப் பார்க்கக் கூடாது. எடுத்துப் போக வருகிறவர் டிஸ்க்கின் சீரியல் நம்பர் போட்ட ரசீது கொடுத்துவிட்டுத்தான் எடுக்க வேண்டும். நீங்கள் பராமரிக்கும் மற்ற கடைகளிலும் இதே செட்டிங்கை வைத்திருந்தால், அவர்களுக்கு எதுவும் நடப்பதற்கு முன் இன்றைக்கே மாற்றிக்கொடுங்கள். பேக்கப்பில் பழைய பிரதிகள் சில வாரங்களாவது நிற்க வேண்டும். இனி எங்கள் கம்ப்யூட்டரில் எதை மாற்றினாலும் எழுத்தில் தந்துவிட்டு மாற்ற வேண்டும். இந்த வருட ஏ.எம்.சி. தொகையையும், நாங்கள் வாடிக்கையாளர்களுக்குத் திருப்பித் தரும் முன்பணத்தையும் நீங்கள் ஏற்க வேண்டும்.

"நீங்க கேரளா, நாங்க தமிழ்நாடு, கேஸ் எல்லாம் சிரமம்" என்று போனில் ஒருவர் சொன்னார். 2019 நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, புகார் செய்பவர் வசிக்கும் இடத்திலோ வேலை செய்யும் இடத்திலோ உள்ள மாவட்ட ஆணையத்திலேயே புகார் கொடுக்கலாம். எனக்கு அது பாலக்காடு. 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணும் இருக்கிறது. அங்கே போகாமல் தீர்ந்தால் எனக்கும் நல்லது, உங்களுக்கும் நல்லது. கடிதம் கிடைத்த 15 நாளுக்குள் எழுத்தில் பதில் வேண்டும்.

பணம், டிஸ்க் விஷயங்களுக்கு நேரம் பிடிக்கலாம், அது எனக்குப் புரிகிறது. ரிப்போர்ட்டைத் திருத்த நேரம் வேண்டியதில்லை. 'பயனர் தவறு' என்பதை நீக்கி, செட்டிங்கை மாற்றியது யார், எந்த டிரைவில் சாஃப்ட்வேர் இறக்கப்பட்டது என்று நடந்ததை நடந்தபடி எழுதி, உங்கள் கையெழுத்தும் முத்திரையும் போட்டு முதலில் அனுப்புங்கள்.

இப்படிக்கு,
தங்கள் ஏ.எம்.சி. வாடிக்கையாளர்,
கொழிஞ்சாம்பாறை.