திமிர்வாதக்காரனைச் சுமந்தவர்களுக்கு

கர்த்தருக்குள் அன்பான சபையாருக்கும், சபைக்கு வெளியே இருந்து எங்கள் குடும்பத்தைத் தாங்கியவர்களுக்கும் ஸ்தோத்திரம்.

இதை இடது கையால் எழுதுகிறேன். ஒரு நாளைக்கு ஐந்தாறு வரிதான் வருகிறது. மகள் அதைப் படித்து, விட்டுப்போன சொற்களை என்னிடமே கேட்டுக் கேட்டு நிரப்பித் தட்டச்சு செய்கிறாள். வீடு வீடாக வந்து நேரில் சொல்ல வேண்டிய நன்றி இது. என் பேச்சு இன்னும் அவ்வளவு தூரம் வரவில்லை.

கடந்த ஆண்டு, சபையார் எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்து சாப்பிடும் அசனப் பண்டிகை எப்படி நடந்தது என்று உங்களுக்குத் தெரியும். அரிசி மூட்டை இறக்கியதிலிருந்து கடைசிப் பந்தி எழுந்தது வரை இரண்டு நாள் நான் படுக்கவே இல்லை. இளைஞர்கள் உதவிக்கு வந்தபோதுகூட, "நீங்க போங்கப்பா, நான் பாத்துக்கறேன்" என்றுதான் சொன்னேன். இருபத்திரண்டு வருஷமாக எனக்கு அதுதான் வழக்கம். அதைக் கர்த்தருக்குச் செய்யும் ஊழியம் என்றே நம்பினேன். மறுநாள் சாயங்காலம் கணக்கு எழுதிக்கொண்டிருந்தபோது பேனா நழுவி விழுந்தது. எடுக்கக் குனிந்தேன், விரல் மடங்கவில்லை. மனைவியைக் கூப்பிட்டேன். அவள் பெயர் வரவில்லை, ஏதோ ஒரு சத்தம்தான் வந்தது.

முதல் நன்றி எதிர்வீட்டு பாய்க்கு. மனைவி அலறியதைக் கேட்டு ஓடி வந்தவர், கோணியிருந்த என் வாயைப் பார்த்ததுமே பக்கவாதம் என்று புரிந்துகொண்டார். பக்கத்தில் எங்காவது காட்டிவிட்டுப் போகலாம் என்று சிலர் சொன்னபோது, ஸ்கேன் இருக்கிற இடத்துக்கு நேராகப் போய்விடுவோம் என்று அவர்தான் உறுதியாகச் சொன்னார். களக்காட்டுப் பக்கமிருந்து பாளையங்கோட்டைக்கு அந்த இரவில் அவரே வண்டி ஓட்டினார். மூளையில் இருப்பது அடைப்பா, கசிவா என்று ஸ்கேன் எடுத்துப் பார்த்த பிறகுதான் மருந்து கொடுக்க முடியும். அடைப்பாக இருந்தால், கட்டியைக் கரைக்கும் ஊசியை நாலரை மணி நேரத்துக்குள் போட வேண்டும். எங்களுக்கு இரண்டு மணி நேரத்துக்கு மேல் மிச்சம் இருந்தது. பாய், இன்றைக்கு நான் கோல் ஊன்றியாவது கோயில் வாசல்வரை நடக்கிறேன் என்றால் அது நீங்கள் மிச்சம் பிடித்துக் கொடுத்த நேரம். (இதைப் படிக்கிறவர்களும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள். வாய் கோணினாலோ, ஒரு கை தொய்ந்தாலோ, பேச்சு குழறினாலோ விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐக் கூப்பிடுங்கள்.)

உயிர் தப்பியது. வலது கையும் பேச்சும் போயிருந்தன. எல்லாம் புரிந்தது, பதில்தான் வரவில்லை. குருவானவர் ஐயா படுக்கையருகே நின்று, "நீங்களும் ஒரு வார்த்தை ஜெபியுங்க" என்று அன்போடு சொன்னார். ஓய்வுநாள் பள்ளிப் பிள்ளைகள் ஒரே மூச்சில் சொல்லும் பரமண்டல ஜெபத்தின் முதல் சொல் எனக்கு வரவில்லை. முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டேன். ஐயா, அன்று உங்கள்மேல் எனக்குக் கோபமில்லை, அது வெட்கம்.

வீட்டுக்கு வந்த பிறகும் ஒரு மாதத்துக்கு யாரையும் உள்ளே விடாதே என்று சைகையாலேயே மனைவியிடம் சொல்லிவிட்டேன். எச்சில் ஒழுகும் வாயை நீங்கள் பார்க்கக் கூடாது என்று நினைத்தேன். "என் கிருபை உனக்குப்போதும், பலவீனத்திலே என் பலம் பூரணமாய் விளங்கும்" என்ற வசனத்தை எடுத்து உங்கள் முன் எத்தனை முறை பிரசங்கித்திருப்பேன்! அப்போஸ்தலனாகிய பவுல் தன் உடம்பில் முள்ளாகக் குத்திய துன்பம் நீங்கும்படி கர்த்தரிடம் மூன்று தரம் வேண்டிக்கொண்டதை விளக்கமாகச் சொல்லியிருப்பேன். ஆனால் என் பலவீனத்தைக் கதவைச் சாத்தி மறைத்துவைத்தேன். அதன் பாரம் முழுவதும் மனைவிமேல் விழுந்தது. என்னைத் தூக்கித் தூக்கி அவளுக்கு இடுப்பு பிடித்துக்கொண்டது. அவளிடம் இந்த மடலிலும் மன்னிப்புக் கேட்கிறேன்.

அந்தக் கதவைத் திறந்தவர்கள் பெண்கள் ஐக்கிய சங்கத்து அக்காமார். உத்தரவு கேட்காமல் வந்தார்கள், வந்ததும் அடுப்படிக்குப் போனார்கள். திங்கள் முதல் சனி வரை யார் சாப்பாடு கொண்டுவருவது என்று அவர்களே முறை போட்டுக்கொண்டார்கள். எனக்கு விழுங்கக் கஷ்டம் என்று தெரிந்து, கஞ்சியைக் கெட்டியாகக் காய்ச்சிக் கொண்டுவந்தார்கள். தண்ணியாக இருந்தால் புரை ஏறிவிடும் என்பதை மருத்துவமனையில் கேட்டு வைத்துக்கொண்டவர்களும் அவர்கள்தான். அசனத்தில் நான் திருப்பி அனுப்பிய அதே இளைஞர்கள் காலையிலும் மாலையிலும் இரண்டிரண்டு பேராக வந்து என்னைப் பிடித்து நடத்தினார்கள். ஆட்டோத் தம்பி பயிற்சிக்கு அழைத்துப் போய் வந்ததற்கு இன்றுவரை காசு வாங்கவில்லை. தம்பி, கணக்கு நான் எழுதித்தான் வைத்திருக்கிறேன்.

பேச்சுப் பயிற்சி தந்த பெண்ணுக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். அவர் நம் சபை இல்லை, கிறிஸ்தவரும் இல்லை. மூளையின் இடது முன்பக்கத்தில் பேச்சைத் தொடுத்துத் தரும் பகுதியில் எனக்குச் சேதம் என்று படம் போட்டுக் காட்டினார். புரோக்கா என்ற பிரெஞ்சு மருத்துவர் 1861-லேயே கண்டு சொன்ன பகுதி அது. "ஐயா, பேச்சு போனாலும் நிறைய பேருக்குப் பாட்டு போகாது. நீங்க கோயில்ல பாடுவீங்களா?" என்று கேட்டார். அந்தச் சனிக்கிழமை பாடகர் குழுப் பிள்ளைகளை மனைவி கூப்பிட்டாள். ஒரு பழைய கீர்த்தனையின் பல்லவியை அவர்கள் எடுத்ததும் என் வாயிலிருந்து சொல் வந்தது. "அப்பா" என்றுகூடச் சொல்ல முடியாதவன் சரணம் வரைக்கும் பாடினேன். பாடி முடித்ததும் அறையில் யாரும் பேசவில்லை. பிள்ளைகளும் அழுதார்கள். பாட்டிலிருந்து கொஞ்சம் கொஞ்சமாகப் பேச்சை இழுக்கும் அந்தப் பயிற்சி இப்போதும் தொடர்கிறது.

அதற்கு முந்தைய நாட்களில் என் ஜெபம் வெறும் மூச்சாகத்தான் இருந்தது. "வாக்குக்கடங்காத பெருமூச்சுகளோடு" ஆவியானவர் நமக்காக வேண்டுதல் செய்கிறார் என்று ரோமர் 8-ல் இருக்கிறதே, அதை ஆறுதலுக்குச் சொல்லப்பட்ட அழகான வார்த்தை என்றே நினைத்திருந்தேன். ராத்திரி இரண்டு மணிக்கு ஒரு சொல்லும் இல்லாமல் படுத்துக் கிடந்தபோது எனக்கு இருந்த ஜெபம் அது ஒன்றுதான். அது கேட்கப்பட்டது என்று இன்று துணிந்து சொல்வேன்.

மாற்கு 2-ஆம் அதிகாரத்தையும் மறுபடி வாசித்தேன். கப்பர்நகூமில் திமிர்வாதக்காரனை, அதாவது கைகால் விழுந்து கிடந்த ஒருவனை, நாலு பேர் சுமந்து வருகிறார்கள், கூட்டத்தினால் கிட்டச் சேர முடியாமல் கூரையைப் பிரித்து இறக்குகிறார்கள். அந்த நாலு பேரைப்போல இருங்கள் என்றுதான் எப்போதும் பிரசங்கித்தேன். படுக்கையில் கிடந்தவனின் இடத்தில் என்னை வைத்துப் பார்த்ததே இல்லை. இயேசு "அவர்கள் விசுவாசத்தைக் கண்டு" என்று எழுதியிருக்கிறது. படுத்திருந்தவன் ஒரு வார்த்தை பேசியதாகக்கூட அங்கே இல்லை. என் பலம் ஒன்றுமில்லாத இடத்தில் தேவ பலம் எப்படி வரும் என்று கேட்டுக்கொண்டிருந்தேன். அது கெட்டியான கஞ்சியாகவும், என் அக்குளுக்குக் கீழே கொடுத்த தோளாகவும் வந்தது.

போன மாதம் டோனாவூருக்கு அழைத்துப் போனீர்கள். அங்கே பிள்ளைகளுக்கு இல்லம் நடத்திய மிஷனரி ஏமி கார்மைக்கேல் அம்மையார் 1931-ல் களக்காட்டில் குழியில் விழுந்து அடிபட்டவர். 1951-ல் மரிக்கும்வரை ஏறக்குறைய இருபது வருஷம் பெரும்பாலும் அறையிலேயே இருந்தார். ஓடியாடிப் பிள்ளைகளைக் காத்தவரை, அந்த வருஷங்களில் அந்தப் பிள்ளைகள்தான் பார்த்துக்கொண்டார்கள். கல்லறையில் பறவைகள் தண்ணீர் குடிக்கும் தொட்டியும் "அம்மா" என்ற ஒரு சொல்லும்தான். நின்று பார்க்கக் கால் வலித்தது, ஆனாலும் வர மனமில்லை.

இந்த வருஷம் அசனத்துக்கு நான் பந்தலில் நாற்காலி போட்டு உட்காருவேன். இளைஞர்கள் நடத்துவார்கள், அவர்கள் முறைப்படியே நடத்தட்டும். முதல் பந்திக்கு முன் ஸ்தோத்திரக் கீர்த்தனையை மட்டும் நான் எடுத்துத் தருகிறேன். பாய் குடும்பத்தோடு வர வேண்டும், முதல் பந்தியிலேயே இடம் வைத்திருக்கிறோம்.

அப்புறம் ஒன்று. அக்காமார் சாப்பாடு கொண்டுவந்த தூக்குவாளிகளில் பெயர் வெட்டியிருந்ததையெல்லாம் கொடுத்தாயிற்று. பெயர் வெட்டாத இரண்டு இன்னும் எங்கள் வீட்டில் இருக்கின்றன. ஒன்றில் பித்தளைக் கைப்பிடி, மற்றதில் மூடி கொஞ்சம் நெளிந்திருக்கிறது. யாருடையது என்று சொல்லுங்கள். வெறும் பாத்திரமாகத் திருப்பித் தரக் கூடாது என்று மனைவி அதிரசத்துக்கு மாவு இடித்து வைத்திருக்கிறாள்.