வான் ரீனன் ஏற்றத்தைக் கணினியில் ஏறிக் காட்டுகிறார்களாம்: லாரி உரிமையாளர்களுக்கு ஒரு திறந்த மடல்

தென்னாப்பிரிக்காவின் டர்பன் துறைமுகத்திலிருந்து என்3 நெடுஞ்சாலையில் ஜோகன்னஸ்பர்க்குக்குச் சரக்கேற்றும் உரிமையாளர்களுக்கு, வணக்கம்.

“உங்கள் பாதையைக் கணினியிலேயே ஓட்டிப் பார்த்துவிட்டோம்” என்று சொல்லி, லாரி விற்பவர் ஒரு வரைபடத்தை நீட்டுவார். கையெழுத்துப் போடுமுன், காற்றழுத்தம் எவ்வளவு என்று வைத்து ஓட்டினார்கள் என்று கேளுங்கள். டர்பனில் 101 கிலோபாஸ்கல். வழியில் சுமார் 1,700 மீட்டர் உயரத்திலுள்ள வான் ரீனன் மலைக் கணவாயில் 83-ஐ ஒட்டித்தான் இருக்கும். இன்ஜினுக்குள் 300 கிலோபாஸ்கலில் காற்று போக, கடலோரத்தில் டர்போ (காற்றை அழுத்தி இன்ஜினுக்குள் தள்ளும் கருவி) மூன்று மடங்கு அழுத்தினால் போதும், கணவாயில் 3.6 மடங்கு வேண்டும். டர்போ வேக எல்லையைத் தொட்டதும், கட்டுப்பாட்டுக் கணினி டீசலைக் குறைத்துவிடும்.

அடுத்தது கியர். இங்கேதான் பெரும்பாலான கணக்குகள் வழுக்குகின்றன. 56 டன் வண்டி, 5 விழுக்காடு ஏற்றம், மணிக்கு 30 கிலோமீட்டர் வேகம் என்று வைத்துக்கொள்வோம். வண்டியைப் பின்னுக்கு இழுக்கும் விசை சுமார் 31 கிலோநியூட்டன். கியர் மாற 1.2 விநாடி ஆனால், அதற்குள் வேகம் மணிக்கு 2.4 கிலோமீட்டர் குறைந்துவிடும். நிமிடத்துக்கு 1,600 சுற்றில் இருந்த இன்ஜின் மேல் கியரில் 1,150-க்கு வந்து நிற்கும். அங்கே ஏறிக்கொண்டிருக்க ஏறத்தாழ 2,200 நியூட்டன் மீட்டர் முறுக்கு விசை தேவை. 2,400 தரும் இன்ஜின்தானே, போதாதா? காகிதத்தில் போதும். ஆனால் கியர் மாறும்போது டீசல் நின்று டர்போ அழுத்தம் சரிந்திருக்கும்; அது மீள்வதற்குள் வேகம் இன்னும் விழ, கியர் பெட்டி மறுபடி கீழ் கியருக்கு இறங்கும். பிறகு ஏறும், பிறகு இறங்கும். கிளட்ச் தேய்வது இப்படித்தான். நிலையான வேகத்தில் அளந்த முறுக்கு விசை அட்டவணையை மட்டும் வைத்து ஓட்டிய கணினி மாதிரியில் இது எதுவுமே தெரியாது. டர்போவின் சுழல் நிலைமமும் (அது உடனே வேகம் பிடிக்கவிடாத தன்மை) கியர் மாறும் நேரமும் உள்ளே இருந்தாகவேண்டும்.

இன்ஜினைக் குளிர்விக்கும் விசிறியையும் மறக்கவேண்டாம். மெதுவான ஏற்றத்தில் முழு வேகத்தில் சுழன்றால் 20, 30 கிலோவாட்டை அதுவே தின்றுவிடும்.

எங்கள் கோரிக்கை ஒன்றே. சுமையேற்றிய ஒரு பயணத்தில் வேகம், இன்ஜின் சுற்று, கியர், டர்போ அழுத்தம், டீசல் அளவு ஆகியவற்றை விநாடிக்கு ஒருமுறையாவது பதிவு செய்து விற்பவரிடம் கொடுங்கள். அவருடைய மாதிரி அதே ஏற்றத்தில், அதே இடங்களில் கியர் மாற்றுகிறதா என்று ஒப்பிடச் சொல்லுங்கள். பயணம் முழுவதற்குமான சராசரி டீசல் கணக்கு பொருந்துகிறது என்று சொல்லி நழுவப் பார்த்தால் ஏற்காதீர்கள்: ஏற்றத்தில் குறைத்துப் போட்டதை இறக்கத்தில் கூட்டிப் போட்டாலும் சராசரி பொருந்தத்தான் செய்யும்.